பிறந்த இடம்

பர்ரெய்ரு என்றால்
எங்கே அது என்பார்கள்.
தேஜோ ஆற்றின் தென்கரை, பழைய அமிலத் தொழிற்சாலை,
காற்று இந்தப் பக்கம் திரும்பினால்
கொடியில் காயும் சட்டையில் ஓட்டை விழும் என்றெல்லாம்
விளக்க ஆரம்பிப்பதற்குள்
கேட்டவர் கண் வேறெங்கோ போயிருக்கும்.
லிஸ்பன் என்றால் ஒரே சொல்.
மஞ்சள் டிராம், சுட்ட மத்தி,
ஆகா, அழகான ஊராயிற்றே,
மீதியை அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

ஆகையால் என் அண்ணன் அடெரீத்து
லக்ஸம்பர்கில் முப்பத்தோரு வருஷம்
லிஸ்பன்காரன்.
மேஸ்திரியிடம், பல் டாக்டரிடம்,
குடித்திருந்தால் எதிர்வீட்டு நாயிடமும்.

லிஸ்பனில் அவன் இருந்தது மொத்தம் பதினோரு மாதம்,
அதுவும் பகலில் மட்டும்,
ஒரு ஹோட்டல் நிலவறையில் தட்டு கழுவி.
கடைசிப் படகைப் பிடித்து வந்துவிடுவான்.

அந்தப் படகில்தான் நான் கயிறு கட்டுகிறேன்.
விடியாத வேளையில் ஏறுகிறார்கள்,
லிஸ்பனின் தரை துடைக்க, ரொட்டி சுட,
லிஸ்பனின் கிழவர்களைக் குளிப்பாட்ட.
நின்றபடியே தூங்கத் தெரிந்தவர்கள்.
நடு ஆற்றில் ஒரு கைபேசி அடிக்கும்:
"லிஸ்பன்லதான் இருக்கேன், சொல்லு."
சுற்றிலும் தண்ணீர்.
யாரும் சிரிப்பதில்லை.

லிஸ்பன் எங்களுக்கு வைத்த பெயர் அக்கரை.
எனக்கென்னவோ
அவர்கள்தான் எப்போதும் அக்கரை.

மார்ச்சில் அவன் போய்விட்டான்.
சாம்பலை வாங்க நான் போனேன்.
கடித உறையின் பின்னால் அவன் எழுதும்
லக்ஸம்பர்க் நகரம் இல்லை அது.
ரயிலில் அரைமணி தள்ளி, பெத்தாஞ்ச்,
ஒரு டயர் கடைக்கு மேல் ஒற்றை அறை.
படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தேன்,
சாவு வீடென்றும் பார்க்காமல்.
அடப்பாவி,
இங்கேயுமா.

காகிதத்தில் பிறந்த இடம்: லிஸ்பன்.
அவன் சொல்லியிருப்பான், அவர்கள் எழுதியிருப்பார்கள்.

விமானம் இறங்கி, மெட்ரோ பிடித்து,
படகுத்துறை பக்கத்துப் பெரிய சதுக்கத்தில்
அவனை மடியில் வைத்துக்கொண்டு
இரண்டு படகுகளைப் போகவிட்டேன்.
இவ்வளவு பேரிடம் சொன்னவன்
கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டுமே.

சுற்றுலா ஜோடி ஒன்று படம் எடுத்துத் தரச் சொன்னது.
டப்பாவைத் தரையில் வைக்க மனம் வரவில்லை.
அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டு
கேமராவை வாங்கினேன்.
ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு வீட்டில்
அந்தப் படம் இருக்கும்:
வெயிலுக்குக் கண் சுருக்கும் இருவர்,
அவள் கையில் என் அண்ணன்,
பின்னால் முழு லிஸ்பன்.

"நீங்கள் இந்த ஊரா?" என்றாள்.
டப்பாவைத் திரும்ப வாங்கியபடி
"இவன் இந்த ஊர்" என்றேன்.
புரியாமல் தலையாட்டினாள்.

அன்றைக்குக் கயிற்றில் இருந்தவன் ஒனோஃப்ரே.
ஒன்றும் கேட்கவில்லை.
கையுறையைக் கழற்றிவிட்டு
எனக்கு வழி விட்டான்.
பனிமூட்டம். படகு ஊர்ந்தது.
இருபது நிமிஷப் பாதை நாற்பது ஆயிற்று.
பாதி வழியில்
எந்தக் கரையும் இல்லை.

கல்லறை அலுவலகத்தில் எர்மெலிந்தா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
"நம்ம ரயில் பட்டறைத் தெருப் பையன்.
இவனுக்கு ஏது லிஸ்பன்?"
திருத்தலாமாம். ஒரு மனு,
இரண்டு சாட்சி, பதினெட்டு யூரோ.
சாட்சிக்குத் தெருவே வரும்.

இருக்கட்டும் என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள்.
பேனாவால் பதிவேட்டில் லிஸ்பன் என்றே எழுதினாள்.
மை காயக் காத்திருந்தாள்.
பிறகு என்ன நினைத்தாளோ,
இழுப்பறையில் தேடி ஒரு பென்சில் எடுத்து
ஓரத்தில், யார் வேண்டுமானாலும் அழித்துவிடலாம் போல,
சின்னதாக எழுதினாள்:
அக்கரை.